கோர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீங்க!

காமர்ஸ் படிக்கிறவனுக்கு சர்வர் மெமரியைப் பத்தி என்ன பேச்சுன்னு கேட்கலாம். காரணம் இருக்கு. நாளைக்கு ஆபீஸ்ல கொட்டேஷனை ஒப்பிட்டுப் பார்த்து கையெழுத்துப் போடப் போறது நம்மள மாதிரி ஆளுங்க தான். அதுல பெரும்பாலும் "2 ப்ராசசர், இத்தனை கோர், இத்தனை ஜிபி ரேம்"னு தான் இருக்கும். அது பத்தவே பத்தாதுங்கறது என் கட்சி.

ஒரு மளிகைக் கடையை நினைச்சுக்கோங்க. கவுன்ட்டர்ல பத்து பேர் நின்னாலும், குடோனுக்குப் போற சந்து ஒண்ணே ஒண்ணுன்னா வியாபாரம் அந்தச் சந்தோட வேகத்துல தான் நடக்கும். 2004-ல வந்த இரண்டு ப்ராசசர் இன்டெல் சியான் சர்வர்கள் இப்படித் தான் இருந்துச்சு. மெமரிக்குப் போக ஒரே ஒரு பஸ். விநாடிக்கு 6.4 ஜிபி. அதையும் இரண்டு ப்ராசசரும் பங்கு போட்டுக்கணும்.

ஏஎம்டி 2003-லேயே ஆப்டெரான்ல வேற வழி பிடிச்சிட்டாங்க. ஒவ்வொரு ப்ராசசருக்கும் சொந்தமா ஒரு குடோன், விநாடிக்கு 5.3 ஜிபி போற தனி வழி. ப்ராசசர் கூடக் கூட வழியும் கூடும், ரேம் செருகற இடமும் கூடும். இன்டெல்லும் 2009-ல சியான் 5500-ல இந்தப் பாதைக்கே வந்துட்டாங்க. இதுக்குப் பேரு நூமா.

ஆனா இதுலயும் ஒரு வில்லங்கம். பக்கத்து ப்ராசசரோட குடோன்ல இருக்கற சரக்கை எடுக்கக் கூடுதல் நேரம் ஆகும். அதனால தான் ஆபரேட்டிங் சிஸ்டம் வேலையையும் டேட்டாவையும் ஒரே பக்கமா வைக்கப் பார்க்குது.

அடுத்தது கொள்ளளவு. சியான் 5500-ல ப்ராசசருக்கு 3 சேனல். உயர்ந்த மாடல்ல, சேனலுக்கு ஒரு ரேம் போட்டா வேகம் 1333. பொதுவா இரண்டு போட்டா 1066, மூணு போட்டா 800. அதாவது ரேமை அடைக்க அடைக்க வேகம் குறையும்!

இன்னைக்குக் கணக்குக்கு வருவோம். 2022-ல வந்த ஏஎம்டி எபிக் ஜெனோவால ப்ராசசருக்கு 12 சேனல். 384 ஜிபி வேணும்னா 64 ஜிபில 6 போடலாம், 32 ஜிபில 12 போடலாம். கொட்டேஷன்ல இரண்டுமே "384 ஜிபி" தான். ஆனா முதல் வகைல பாதி சேனல் சும்மா கிடக்கும், மெமரிக்குப் போற வழியும் பாதியாயிடும்.

"பின்னாடி ரேம் கூட்டிக்க இடம் வேணும்ல சார்?"னு விற்கிறவர் கேட்பார். நியாயமான கேள்வி தான். டேட்டா வளரப் போகுதுன்னா இடம் விடலாம். ஆனா அது தெரிஞ்சு எடுக்கற முடிவா இருக்கணும், தெரியாம மாட்டிக்கறதா இருக்கக் கூடாது.

அதனால கொட்டேஷன்ல இன்னும் ஒரே ஒரு வரி கேளுங்க: "ப்ராசசருக்கு எத்தனை சேனல், அதுல எத்தனை நிரம்பியிருக்கு?" பதில் வரலேன்னா பேனாவை மூடிடுங்க :-)