உப்பு வண்டி வராட்டி யாரைக் கேக்கிறது?



இரவு முழுக்கப் பனி கொட்டியிருக்கு. விடிய 5 மணி ஷிப்டுக்குக் கார் எடுக்கிற அண்ணா, ஸ்காபரோவில பனிக் குவியலுக்குப் பக்கத்தில பஸ்ஸுக்கு நிக்கிற அம்மா, 401 நெடுஞ்சாலையில ட்ரக் ஓடுற தம்பி, எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கினம். "வரி கட்டுறம். வீதியை ஏன் இன்னும் துப்பரவாக்கேல்லை?"

அரசைக் கேட்டால் ஒப்பந்தக்காரரைக் காட்டும். ஒப்பந்தக்காரரைக் கேட்டால் ஒப்பந்தத்தைக் காட்டுவார். அப்ப அந்த ஒப்பந்தத்தையே பிரிச்சுப் பாப்பம்.

ஒன்ராறியோ நெடுஞ்சாலைகளில் பனி அகற்றும் வேலை 1990களின் பிற்பகுதியில் தனியாரிடம் போகத் தொடங்கியது. 2009இல், இன்னொரு கட்சியின் ஆட்சியில், ஒப்பந்த முறையே மாறியது. எத்தனை வண்டி, எவ்வளவு உப்பு என்பதை ஒப்பந்தக்காரரே முடிவு செய்யலாம், விளைவு சரியாக இருந்தால் போதும் என்றார்கள். குறைந்த விலை கேட்டவருக்கே வேலை கிடைத்தது.

விளைவு என்ன? 2015இல் மாகாணக் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை சொன்னது. 2009-10இல், புயல் ஓய்ந்து சராசரியாக 2.1 மணி நேரத்தில் முக்கிய நெடுஞ்சாலைகளில் தார் தெரிந்தது. 2013-14இல் அதற்கு 4.7 மணி நேரம் எடுத்தது. உப்பும் மணலும் குறைவாகப் போடப்பட்டன.

இதில கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்டு இருக்கு. அந்த நெடுஞ்சாலைகளுக்கு ஒப்பந்தம் குடுத்த அவகாசம் 8 மணி நேரம்! காகிதத்தில எல்லாம் சரி. வீதியில போன சனம்தான் வழுக்கினது.

2018 ஜனவரியில் இன்னொரு பாடம். பிரிட்டனின் காரிலியன் நிறுவனம் சரிந்தது. ஒன்ராறியோவின் பல பகுதிகளில் நெடுஞ்சாலைகளைப் பராமரித்த அதன் கனடியக் கிளை, நடுப் பனிக்காலத்தில் நீதிமன்றப் பாதுகாப்புக் கோரியது. வேலை நின்றுபோகாமல் பாக்க அரசுதான் இறங்க வேண்டி வந்தது. லாபம் தனியாருக்கு, ஆபத்து எங்களுக்கா?

ரொறன்ரோ நகரத்திலும் இதே கதை. ஒப்பந்தக்காரர் எழுதிக் குடுத்த நேரங்களை வண்டிகளின் ஜிபிஎஸ் பதிவோடு நகரம் ஒழுங்காக ஒப்பிட்டுப் பாக்கேல்லை என்று 2020இல் நகரக் கணக்காய்வாளர் சொன்னார். கருவி இருந்தது, பாத்த ஆள்தான் இல்லை.

தனியாரே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. விடிய 3 மணிக்கு எழும்பி அந்த வண்டியை ஓட்டுறதும் எங்களைப் போன்ற தொழிலாளிதான். வேலையை ஒப்பந்தத்தில் விடலாம், பொறுப்பை விட ஏலாது.

நாங்கள் கேட்பது மூன்று:

✅ விலையை மட்டும் பார்க்காமல், வண்டியும் ஆளும் போதுமா என்று பார்த்து ஒப்பந்தம் கொடுங்கள்.

✅ ஜிபிஎஸ் பதிவைச் சரிபார்த்த பிறகே காசு கொடுங்கள்.

✅ ஒப்பந்தக்காரர் கைவிட்டால் உடனே இறங்க, அரசிடம் சொந்த வண்டிகளும் ஆட்களும் இருக்கட்டும்.

ரொறன்ரோவில் உங்கள் வீதியோ நடைபாதையோ துப்பரவாகாவிட்டால் 311க்கு அடியுங்கோ, முறைப்பாட்டு எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கோ. பிறகு உங்கள் நகரசபை உறுப்பினரிடம் அந்த எண்ணோடயே போய்க் கேளுங்கோ.

பனி எங்கட கையில இல்லை. ஒப்பந்தம் எங்கட கையில இருக்கு. பகிருங்கள் உறவுகளே! ❄️