பொட்டி தட்டுகிறவனுக்கு வாழ்க்கை தெரியாதா?

சென்ற மாதம் ராஜபாளையத்தில் சிறியதோர் இலக்கியக் கூட்டம். இருபது பேர் இருந்திருப்போம். இறுதியில், விரும்புவோர் பேசலாம் என்று அறிவித்தபோது மம்சாபுரத்து இளைஞர் ஒருவர் எழுந்தார். முன்பு என்னிடம் பொதுத்தமிழ் படித்தவர். இன்று வீட்டிலிருந்தபடியே ஏதோவொரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு இணையதளங்கள் உருவாக்கித் தருகிறார். தம் தொழிலைப் பற்றியும், அது தமக்குக் கற்றுக்கொடுத்த வாழ்க்கையைப் பற்றியும், அரசியலைப் பற்றியும் பத்து நிமிடம் பேசினார். தடுமாறித்தான் பேசினார். அவர் அமர்ந்ததும் முன்வரிசையில் இருந்த மூத்த கவிஞர் ஒருவர் உரக்கச் சொன்னார்: “பொட்டி தட்டுகிற தம்பிகளும் வாழ்க்கையைப் பேசத் தொடங்கிவிட்டால் நாங்கள் எங்கே போவது?” அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்கு எதிராகவே இதை எழுதுகிறேன். என் சிரிப்பும் அதில் அடக்கம்.

நம் சிரிப்புக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வாழ்வனுபவம் என்பது வயலிலும் தறியிலும் வறுமையிலும் மட்டுமே விளையும், கணினித் திரைக்கு முன் அமர்ந்திருப்பவனுக்கு அது வாய்க்காது என்னும் நம்பிக்கை. இதைவிடப் பொய்யான நம்பிக்கை தமிழ் இலக்கியத்தில் வேறில்லை. சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். நம் கரிசல் மண்ணின் பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரியாக இருந்தார். கடைக் கணக்கும் அலுவலகக் கோப்பும் இவர்களுடைய எழுத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை. நிரல் எழுதுவது மட்டும் எப்படிக் குறுக்கே நிற்கும்?

அந்த இளைஞர் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கணினியைக் கேட்டால், அது ஐந்து என்கிறதாம். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட மூன்று என்று சொல்லும். தம் வேலையின் முதல் வாரத்தில் இதைக் கண்டு திகைத்ததாகச் சொன்னார். நானோ இருபது ஆண்டுகளாக எழுத்திலக்கணம் நடத்துகிறேன். ‘க்’ என்னும் மெய்யோடு அகரம் சேர்ந்து ‘க’ ஆகிறது என்று கரும்பலகையில் ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன். என் கைபேசிக்குள்ளே இந்த இலக்கணம் தலைகீழாக, அகரமேறிய ‘க’வோடு புள்ளி சேர்ந்து ‘க்’ ஆவதாக இருக்கிறது என்பதை அன்றுவரை நான் அறியேன். நாங்கள் சிரித்தது இதைச் சொன்னவரைப் பார்த்து.

இது எப்படி நேர்ந்தது? இந்திய மொழிகள் பலவற்றையும் ஒரே சட்டகத்துக்குள் அடக்க வகுக்கப்பட்டது இஸ்கி என்னும் குறியேற்றம். அதன் 1988-ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றியே 1991-இல் ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றது. தேவநாகரிக்குப் பொருந்திய முறை தமிழுக்கும் பொருந்தும் என்று கருதப்பட்டது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் டேஸ் 16 குறியேற்றத்தைத் தமிழக அரசு ஏற்றது 2010-இல்தான். அதற்குள் உலகம் ஒருங்குறியில் நிலைத்துவிட்டது. அந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் தமிழ்ப் பேராசிரியர்களாகிய நாம் எதைப் பற்றிக் கருத்தரங்கு நடத்திக்கொண்டிருந்தோம் என்று ஒவ்வொருவரும் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

நாம் இன்று தமிழில் தட்டச்சு செய்வதே பொட்டி தட்டியவர்கள் இட்ட பிச்சை. மாணவனாக இருந்தபோது கணினி மையத்தில் மணிக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்து, எழுத்துருவைத் தரவிறக்கி, அது தெரியாமல் கட்டங்கட்டமாகத் தெரிந்த தமிழை வெறித்துப் பார்த்திருந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அந்தக் கட்டங்களை எழுத்துகளாக்கியவர்கள் யார்? மலேசியாவின் முத்து நெடுமாறன். எ-கலப்பை தந்த முகுந்தராஜ். தேனீ எழுத்துருவை உருவாக்கிவிட்டு 2006-இல் மறைந்த அதிராம்பட்டினத்து உமர்தம்பி. சங்க நூல்களை இணையத்தில் ஏற்றிய மதுரைத் திட்டத்தை 1998 பொங்கலன்று தொடங்கியவர், சுவிட்சர்லாந்தில் இருந்த வேதியியலாளர் கல்யாணசுந்தரம். இணையத்தில் தமிழேற்றிய முன்னோடி சிங்கப்பூர் நா. கோவிந்தசாமியோ தேர்ந்த சிறுகதையாளர். கணியனையும் அவர்தான் படைத்தார், கதைகளையும் அவர்தான் படைத்தார். இரண்டும் ஒரே மனத்திலிருந்து வந்தவை. எந்தப் பல்கலைக்கழகத்தின் தமிழிலக்கிய வரலாற்றுப் பாடத்தில் இப்பெயர்கள் இருக்கின்றன? நான் நடத்தும் பாடத்தில் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்த இளைஞரோடு எனக்குள்ள சண்டையையும் சொல்லியாக வேண்டும். தட்டிக்கொடுப்பதும் சிரிப்பதைப் போன்ற அவமதிப்பே. அவர் தம் பேச்சை இப்படி முடித்தார்: “அரசியல் அழுக்கு சார். தொழில்நுட்பத்தில் அந்த அழுக்கு இல்லை. நல்ல செயலிகளைச் செய்தாலே நாடு சரியாகிவிடும்.”

தம்பி, நீங்களே எடுத்துக்காட்டிய ‘தமிழ்’ என்ற சொல் உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறதே. மூன்றெழுத்தை ஐந்தாக்கிய முடிவு எந்த இயந்திரமும் எடுத்ததன்று. மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் எடுத்தது. அந்த மேசையில் தமிழ் இலக்கணம் உரக்கப் பேசவில்லை. அரசியல் என்பதன் பொருள் இதுதான்.

பக்கத்திலிருக்கும் சிவகாசியைப் பாருங்கள். அங்குள்ள பழைய அச்சுத் தொழிலாளர் எவரையேனும் கேளுங்கள். ‘ணை’, ‘லை’, ‘னை’ போன்றவற்றுக்கு அந்நாளில் தனித்தனி அச்சுகள் வேண்டியிருந்தன. 1935-இல் பெரியார் ‘குடி அரசு’ இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கைக்கொண்டார். அரசு அதை ஆணையாக்க 1978 வரை ஆயிற்று. ஈயத்தில் வார்த்த சில அச்சுகளைக் குறைக்க நாற்பத்து மூன்று ஆண்டுகள்! தடையாக இருந்தது உலோகமா?

இன்னும் அண்மைக்கு வருவோம். 2015-இல் இணையச் சமன்மை கேட்டுப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குச் சென்றன. தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் கூடாது என்று 2016 பிப்ரவரி 8 அன்று ஆணையம் விதித்தது. நீங்கள் மம்சாபுரத்திலிருந்து உருவாக்கும் சிறு தளமும் பெருநிறுவனத்தின் தளமும் இன்று ஒரே கட்டணத்தில் திறக்கின்றன என்றால், உங்களைப் போன்றவர்கள் அழுக்கில் இறங்கியதால்தான். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று பேர் மாண்டனர். மறுநாள் முதல் தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. அந்த நாட்களில் அங்கே உங்கள் செயலிகள் எதுவும் திறந்திருக்காது. திறக்கச் செய்யும் ஆணை நிரலில் இல்லை, கோட்டையில் இருந்தது.

எனவே இரு தரப்பாரிடமும் எனக்குச் சொல்ல ஒன்றுண்டு. எழுத்தாளர்களே, உங்கள் மொழி இன்று எந்த வீட்டில் குடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல், அதைக் கட்டியவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நிரலர்களே, கட்டிய வீட்டின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் அருகில் வந்தார். “தப்பாப் பேசிட்டேனா சார்?” என்றார். “இல்லப்பா” என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்கு நடந்துவிட்டேன். சபையில் சொல்லியிருக்க வேண்டியதை வாசலிலும் முழுதாகச் சொல்லவில்லை. வரும் பருவத்தில் எழுத்திலக்கண வகுப்பின் முதல் நாளில் அவரை அழைத்து, ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்பதை மாணவர்களுக்கு விளக்கச் சொல்லப் போகிறேன். அன்று நான் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பேன்.