காய்ச்சலே இல்லை... எதுக்கு டாக்டர் அட்மிஷன்?

சென்ற மாதம் ஒருநாள், ஓ.பி. முடிகிற நேரம். தடிமனான ஒரு ஃபைலை அணைத்துக்கொண்டு ஓர் அம்மா உள்ளே வந்தார். பின்னால் மெல்ல நடந்து கணவர். வயது 54. மூன்று வருடங்களாக சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய். வயிற்றில் கொஞ்சம் நீர் உண்டு. குடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. (விட்டவர்களுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு பெரிய காரியம் என்று.)

“ரெண்டு நாளா சரியா சாப்பிடலை, எப்பவும் தூங்கிட்டே இருக்கார். வேற ஒண்ணும் இல்லை டாக்டர்.”

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அட்மிட் செய்யச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. “காய்ச்சல் இல்லை. மஞ்சள் காமாலையும் கூடலை. எதுக்கு அட்மிஷன்?”

நியாயமான கேள்வி. சிரோசிஸ் என்றதும் எல்லோரும் பிலிருபினைத்தான் பார்ப்பார்கள். நாங்களும் பார்ப்போம். பிலிருபின், கிரியாட்டினின், ரத்தம் உறைவதைக் காட்டும் ஐ.என்.ஆர். இந்த மூன்றையும் வைத்துப் போடும் கணக்குக்கு ‘மெல்ட்’ ஸ்கோர் என்று பெயர். அமெரிக்காவில் 2002-ல் கல்லீரல் மாற்று சிகிச்சைக்கு யாருக்கு முதலிடம் என்று முடிவு செய்யக் கொண்டுவந்தது இதைத்தான். நல்ல கணக்கு. ஆனால், கல்லீரலும் சிறுநீரகமும் எந்த அளவுக்குக் கெட்டிருக்கின்றன என்பதைத்தான் அது சொல்லும். உள்ளே புகைந்துகொண்டிருக்கும் அழற்சியைச் சொல்லாது.

அந்தப் புகை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் குடலிலிருந்து. குடலில் இருந்து வரும் ரத்தம் கல்லீரல் என்ற செக்போஸ்ட்டைத் தாண்டித்தான் உடம்புக்குள் போக வேண்டும். சிரோசிஸில் செக்போஸ்ட் பலவீனம். குடல் சுவரிலும் கசிவு. கிருமிகளும் அவற்றின் துணுக்குகளும் ரத்தத்தில் கலக்கின்றன. உடம்பு சண்டைக்குத் தயாராகிறது. அந்தச் சண்டையில் ரத்தக் குழாய்கள் விரிய, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது, மூளை மந்தமாகிறது. அந்த அம்மா ‘தூக்கம்’ என்று சொன்னது அதைத்தான்.

சரி, ரிப்போர்ட்டில் நான் எதைப் பார்த்தேன்? வெள்ளையணுக்கள் 8,900. லேப் இதற்கு ஸ்டார் போடவில்லை. 11,000 வரை நார்மல்தானே! ஆனால், ஃபைலைப் புரட்டினால் இவருக்கு எப்போதும் 3,200, 3,500தான். சிரோசிஸில் மண்ணீரல் வீங்கி ரத்த அணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே 3,200 உள்ளவருக்கு 8,900 என்பது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பழைய ரிப்போர்ட்டுகளை எடைக்குப் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்து, அதே தாளில் நியூட்ரோஃபில் 84 சதவிகிதம், லிம்ஃபோசைட் 10. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் 8.4. ஆரோக்கியமானவர்களுக்கு இது பொதுவாக 1 முதல் 3 வரை இருக்கும். சிரோசிஸில் இந்த விகிதம் ஏறினால் ஆபத்தும் ஏறுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. கூடுதல் செலவில்லாத கணக்கு. ஆனால், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலும் இது ஏறும். வீட்டில் வகுத்துப் பார்த்துவிட்டுக் கலங்க வேண்டாம்.

மூன்றாவது சி.ஆர்.பி. இவருக்கு லிட்டருக்கு 38 மில்லிகிராம். 2012-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், முற்றிய சிரோசிஸ் உள்ளவர்களுக்கு இது 29-க்கு மேல் இருந்து, 15 நாள் கழித்தும் இறங்காவிட்டால், அடுத்த ஆறு மாதங்களில் உயிருக்கு ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. ஒரு தடவை பார்ப்பதைவிட, இறங்குகிறதா என்று மறுபடி பார்ப்பதுதான் முக்கியம். சில லேப்கள் டெசிலிட்டர் கணக்கில் கொடுக்கும், அங்கே 2.9 என்றால் இங்கே 29. அலகைப் பார்க்காமல் “மூணுகூட இல்லையே” என்று நிம்மதி அடைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சூட்சுமம்: சி.ஆர்.பி.யைத் தயாரிப்பதே கல்லீரல்தான். கல்லீரல் மிகவும் நலிந்துவிட்டால், கிருமி இருந்தும் இது அவ்வளவாக ஏறாது. அதனால், குறைவாக இருப்பதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. காய்ச்சலும் அப்படித்தான், சிரோசிஸ்காரர்களில் பலருக்கு வராமலே போகும்.

இவ்வளவையும் அந்த அம்மாவிடம் அன்று சொல்லவில்லை. “வயித்துத் தண்ணியைக் கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணணும்மா. அதுல கிருமி இருந்தா, ஒருநாள் தள்ளினாலும் கிட்னி போயிடும்” என்றேன். சம்மதித்தார்.

அந்த நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 250 நியூட்ரோஃபில் இருந்தாலே தொற்று என்று எடுத்துக்கொள்வோம். இவருக்கு 610. அன்றே ஆன்டிபயாடிக்கும், சிறுநீரகத்தைக் காக்க அல்புமினும் நரம்பு வழியாக ஏற்றினோம். மூன்றாம் நாள் மந்தம் தெளிந்து, காபியில் சர்க்கரை பத்தவில்லை என்று மனைவியிடம் சண்டை போட்டார்.

பதினைந்தாம் நாள் சி.ஆர்.பி. 9. வெள்ளையணுக்கள் 3,600.

“அப்ப இனி பயமில்லையே டாக்டர்?”

“இந்தக் கண்டம் தாண்டியாச்சும்மா. ஆனா, ஒரு தடவை இப்படி வந்தவங்களுக்கு மறுபடி வரலாம். வராம இருக்க ஒரு மாத்திரை எழுதியிருக்கேன், நிறுத்தக் கூடாது. கல்லீரல் மாற்று சிகிச்சைக்குப் பதிவு பண்றதைப் பத்தியும் பேசணும். அடுத்த வாரம் பையனையும் கூட்டிட்டு வாங்க.”

ஃபைலை மூடப் போனவர், பேனாவை வாங்கி அன்றைய தேதியை அட்டையில் எழுதிக்கொண்டார்.