மலைமேல் ஒரு பந்தாட்டம்



சமவெளியில் பயிலும் உங்கள் பிள்ளையின் கல்லூரி அணி, கொடைக்கானலில் கால்பந்து ஆடச் செல்கிறதென்று கொள்வோம். வீட்டார் அனைவரும் எதிரணியைப் பற்றியே பேசுவீர்கள். நான் காற்றைப் பற்றிக் கேட்பேன். பழனி மலையில் சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில், ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடலோரத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கே. முற்பாதியில் துள்ளிய கால்கள் பிற்பாதியில் கனக்கும். காற்று அடர்த்தி குன்றியிருப்பதால் உதைத்த பந்தும் வேகம் தணியாது பாயும். கோல் கீப்பர் பாவம்!

2009 ஏப்ரல் 1 அன்று, சுமார் 3,600 மீட்டர் உயரத்து லா பாஸ் நகரில், மரடோனா பயிற்றுவித்த அர்ஜென்டினாவைப் பொலிவியா 6-1 என வீழ்த்தியது. ஆனால், ஏறத்தாழக் கொடைக்கானலின் உயரமே உள்ள மெக்சிகோ நகரில், 1986இல் அதே மரடோனாவின் தலைமையில் அர்ஜென்டினா உலகக் கோப்பையை வென்றது. அவ்வணியினர் சிலர் அவ்வாண்டு ஜனவரியிலேயே டில்காரா என்னும் மலையூரில் பயிற்சி பெற்றிருந்தனர்.

ஆகவே, பிள்ளைகள் ஒரு வாரம் முன்னதாக மலையேறினால், இன்ஷா அல்லாஹ், வெற்றி நமக்கே என்பேன். காலையில் வத்தலக்குண்டு வழியே பேருந்தில் வளைந்து வளைந்து ஏறி மாலையில் ஆடுவதாயின், சமனில் முடிந்தாலே அல்ஹம்துலில்லாஹ்! துஆவில் காயமின்றித் திரும்புவதையும் கேளுங்கள். பெட்டியில் கம்பளிச் சட்டை இருக்கிறதா?