கணக்கில் வராத தேய்மானம்

பி.காம். படிக்கும் எல்லோருக்கும் தேய்மானம் என்றால் ஒரு கணக்குதான். காரின் விலை இவ்வளவு, வருடத்திற்கு 15 சதவீதம் கழி, மீதி இவ்வளவு என்று எழுதி, விடைக்குக் கீழே இரண்டு கோடு கிழித்தால் மார்க் நிச்சயம். ஆனால் அந்தக் கார் உண்மையில் எங்கே தேய்கிறது என்று எந்தக் கணக்குப் புத்தகமும் சொல்வதில்லை. அது தேயும் இடங்களில் ஒன்று சக்கரத்தின் நடுவில், யார் கண்ணுக்கும் படாமல் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் வீல் பேரிங்!

மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த வண்டி. 2014 ஜனவரியில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஓட்டம் நிற்கவில்லை. கோயிலுக்கு, கல்யாணத்திற்கு, ராத்திரி ஆஸ்பத்திரிக்கு என்று எத்தனையோ வீடுகளில் இன்னும் அதே வண்டிதான். அந்த வண்டியில் ஒரு நாள் ஒரு சத்தம் ஆரம்பிக்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக "ஊ..." என்று. 60-ஐத் தொட்டால் பக்கத்தில் பஸ் வருவது போல.

வண்டிக்காரர் முதலில் செய்யும் வைத்தியம், பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவது. இரண்டு மாதம் கழித்துப் பாட்டையும் மீறிக் கேட்கும்போது பட்டறைக்குப் போவார். "அண்ணே, முன்னாடி ஏதோ சத்தம் வருது, பாருங்க." டயர் மாற்றுவார்கள். சத்தம் போகாது. முன் சக்கரம் இரண்டிலும் பேரிங் மாற்றுவார்கள். அப்போதும் போகாது. கடைசியில் பார்த்தால் போனது பின்னால் இடது பக்கத்துப் பேரிங்!

உடனே எல்லோரும் சொல்லும் தீர்ப்பு, "மெக்கானிக் ஏமாத்திட்டான்". இதில் பாதிதான் நியாயம். மீதிப் பாதி தெரிய வேண்டுமானால் பட்டறை பில்லைப் பார்க்க வேண்டும். பேரிங் இவ்வளவு, ஆயில் சீல் இவ்வளவு, கூலி இவ்வளவு. "கண்டுபிடித்ததற்கு இவ்வளவு" என்று ஒரு வரி எந்த பில்லிலாவது இருக்கிறதா? டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, "ஒண்ணும் இல்லை, தைரியமா போங்க" என்றால் சந்தோஷமாக ஃபீஸ் கொடுக்கிறார்கள். அதையே மெக்கானிக் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, "பேரிங் நல்லா இருக்கு சார், டயர் தேய்ஞ்ச சத்தம்தான்" என்று சொல்லி 300 ரூபாய் கேட்டால்? "ஒண்ணுமே பண்ணலையே, எதுக்குப்பா காசு?"

எதையாவது மாற்றினால்தான் காசு என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? வண்டிக்காரர்கள்தான். அப்புறம் அவர் மாற்றிக்கொண்டே போகிறார் என்று அழுவதில் என்ன பயன்?

கண்டுபிடிப்பது அப்படி என்ன பெரிய வேலை என்று கேட்கலாம். வேலைதான். ஆனால் மந்திரம் இல்லை, வரிசை தெரிந்தால் போதும்.

1) சத்தம் எதைப் பின்தொடர்கிறது? காலியான ரோட்டில் ஒரு வேகத்தில் போகும்போது கிளட்சை மிதித்து இன்ஜினை ஐடிலுக்கு விட வேண்டும். இன்ஜின் அடங்கியும் "ஊ" அடங்கவில்லை என்றால் அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றின் சத்தம்.

2) ரோடு மாறினால் சத்தம் மாறுகிறதா? தார் ரோட்டில் ஒரு மாதிரி, சிமெண்ட் ரோட்டில் ஒரு மாதிரி என்றால் டயர் மேல்தான் முதல் சந்தேகம். முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டால் சத்தமும் கூடவே இடம் மாறும். இதற்கு உதிரிபாகச் செலவு ஒரு பைசா கிடையாது!

3) எந்தப் பக்கம்? வண்டி வலது பக்கம் வளையும்போது எடை இடது சக்கரங்கள் மேல் சாயும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் இடது பக்கத்துப் பேரிங். இடது பக்கம் வளையும்போது கூடினால் வலது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் "டக் டக்" என்றால் அது பேரிங் இல்லை, ஆக்சில் ஜாயிண்ட்டாக இருக்கலாம்.

4) கையால் பார்ப்பது. மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்கவில்லை என்றால் பால் ஜாயிண்ட் போன்ற வேறு இடம். ஆட்டமே இல்லாவிட்டாலும் வேலை முடியவில்லை. நியூட்ரலில் போட்டு, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, இன்னொரு கையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைக்க வேண்டும். தேய்ந்த பேரிங் அந்தக் கையில் மணல் அரைபடுவது போல நறநறவென்று தெரியும்.

இவ்வளவையும் செய்பவருக்குக் காசு கிடையாது. இதில் எதையுமே செய்யாமல் நேராக ஸ்பேனரை எடுப்பவருக்குத்தான் கூலி! எந்த ஊர் பொருளாதாரம் இது?

சரி, கண்டுபிடித்தாகிவிட்டது. அடுத்தது மாட்டுவது. இதில் வில்லன் சுத்தியல். மாருதி 800-ன் முன் சக்கரத்தில் பேரிங், நக்கிள் என்கிற இரும்பு வீட்டிற்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. அதை பிரஸ் வைத்து வெளியே தள்ள வேண்டும், புதியதை பிரஸ் வைத்தே உள்ளே அனுப்ப வேண்டும். நக்கிளுக்குள் போகும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். ஹப் ஏறும்போது உள் வளையத்திற்குத் தாங்கல் கொடுக்க வேண்டும். மாற்றி அழுத்தினால் முழு அடியும் நடுவில் இருக்கும் குண்டுகள் வழியாகப் போகும். குண்டு ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். அதாவது டப்பாவிலிருந்து எடுத்த புதுப் பேரிங், வண்டி தெருவைத் தாண்டும் முன்பே பழைய பேரிங் ஆகிவிடுகிறது! கொஞ்ச நாளில் மறுபடியும் "ஊ". பழி மட்டும் பேரிங் கம்பெனி மேல்.

பிரஸ் இல்லாத பட்டறைகள் ஏராளம். அதில் வெட்கம் எதுவும் இல்லை. நல்ல மெக்கானிக் நக்கிளைக் கழற்றி, டிவிஎஸ் 50-ல் வைத்து, பக்கத்து லேத் பட்டறைக்கு எடுத்துப்போய் அழுத்திக்கொண்டு வருவார். ஆனால் அதற்கு அரை நாள் ஆகும், லேத்துக்காரருக்கும் கொடுக்க வேண்டும். "என்னப்பா, அந்தப் பட்டறையில ரெண்டு மணி நேரத்துல முடிச்சுட்டாங்களாமே" என்று வண்டிக்காரர் சொன்ன மறு நிமிடம் சுத்தியல் வெளியே வரும்.

கூடவே சில்லறை விஷயங்கள். பேரிங்கோடு ஆயில் சீலையும் புதிதாகப் போட வேண்டும். பழைய சீல் வழியாகத் தண்ணீர் போனால் கிரீஸ் கெட்டு, துரு பிடித்து, புதுப் பேரிங்கும் போய்விடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டியில் இன்ஜினையும் சீட்டையும் பார்ப்பவர்கள் சக்கரத்திற்குள் போன தண்ணீரை மறந்துவிடுவார்கள். ஆக்சில் நட்டைக் கை அளவில் இறுக்காமல், டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். இந்தச் சில்லறைகளில் மிச்சம் பிடித்துத்தான் பெரிய நோட்டைத் தொலைக்கிறார்கள்.

"வண்டியே நாற்பதாயிரத்துக்குப் போகாது, அதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஆசைக்காக வைத்திருப்பதில்லை, புதியது வாங்க முடியாமல் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். 15 வருடம் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. எல்லாப் பக்கமும் செலவு. ஆனால் அவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு மிக முக்கியம். தேவையில்லாமல் இரண்டு டயரும் இரண்டு பேரிங்கும் வாங்க அவர்களிடம் காசு இல்லை. சோதனைக்குக் கொடுக்கும் 300 ரூபாய்தான் அவர்களுக்கு மலிவு.

இன்னொன்றும் இருக்கிறது. தேய்ந்த பேரிங் சத்தத்தோடு நின்றுவிடாது. ஆட்டம் அதிகமானால் டிஸ்க் தள்ளாடி பிரேக் பேடைப் பின்னால் தள்ளும், பெடல் வழக்கத்தை விட ஆழமாக இறங்கும். கடைசியில் சூடேறி, கிரீஸ் உருகி, சக்கரம் இறுகிப் பிடிக்கலாம், கழன்றும் போகலாம். அது வீட்டு வாசலில் நடக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

எனவே பட்டறை பில்லில் ஒரு புது வரி வரட்டும். "சோதனைக் கட்டணம்". வண்டிக்காரர் முகம் சுளிக்காமல் கொடுக்கட்டும், மெக்கானிக் கூச்சப்படாமல் கேட்கட்டும். மாற்றிய பழைய பேரிங்கை வண்டிக்காரர் கையில் கொடுத்து, சுற்றிப் பார்க்கச் சொல்லட்டும். நறநறப்பு கையில் தெரிந்தால் வாங்கிய காசுக்கு அதுவே ரசீது.

இருபது வருடத்து மாருதியின் மதிப்பு, கணக்குப் புத்தகத்தில் கிட்டத்தட்ட பூஜ்யம். அதன் பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வரும் குழந்தைக்குத் தேய்மானம் போட எந்தப் புத்தகத்திலும் சதவீதம் இல்லை.