பூக்காத செடியும் பொறுமையில்லாத வாத்தியாரும்

"இந்தச் செடி இன்னும் இரண்டு மாதம் பூத்திருக்கும், அப்புறம் பூக்குமோ பூக்காதோ, பகவானுக்குத்தான் தெரியும்" என்று சொல்லி விற்கும் வியாபாரியை நேயர்கள் எங்கேயாவது கண்டதுண்டா? ஆர்க்கிட் செடி விற்பவர்கள் இதில் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் பணத்தை எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். மறு பாதியை வாங்கியவர்கள் வீட்டுக்கு வந்து தாமே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் என் மகள், மூன்று வருஷங்களுக்கு முன் பொங்கலுக்கு வந்தபோது அப்படி ஒரு செடியைக் கொண்டுவந்தாள். வெள்ளை வெளேரென்று ஒன்பது பூக்கள், வளைந்த ஒரே தண்டில் வரிசையாக, பட்டாம்பூச்சிகள் இறங்கி உட்கார்ந்ததுபோல இருந்தன. அதன் பெயர் ஃபலனாப்சிஸ். 'அந்துப்பூச்சி போன்றது' என்று அர்த்தம். 1825-ம் வருஷம் புளூமே என்னும் தாவர சாஸ்திரி இட்ட பெயர். நாகலாபுரத்தில் எங்கள் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. என் தாயாரிடமிருந்து மட்டும் பாராட்டு வரவில்லை. அம்மாவுக்கு வயது எண்பது. கண்ணில் அழுத்தம் மிகும் வியாதியால் பார்வை போய் ஆறு வருஷமாகிறது. மகள் பூவைப் பாட்டியின் முகத்தருகே கொண்டுபோய்க் காட்டினாள். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏய்யா, பூ பூன்னு ஊரே வந்து பார்த்துட்டுப் போகுது, வாசமே இல்லையே? காகிதப் பூவா?" என்று என்னைக் கேட்டாள். எங்களுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

பங்குனி பிறந்ததும் பூக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. தண்டு மட்டும் மிஞ்சிற்று. அதன் பிறகுதான் என் வைத்தியம் ஆரம்பமாயிற்று.

எங்கள் கரிசல் மண்ணைப்பற்றி எங்களுக்குள்ள கர்வம் சாமானியமானதல்ல. பருத்தியும் மிளகாயும் கம்பும் உளுந்தும் விளைகிற மண், ஒரு பூச்செடிக்குப் போதாதா? ஆகவே, செடியைக் கடைக்காரன் கொடுத்த தொட்டியிலிருந்து எடுத்து, கரிசலும் தொழு உரமும் கலந்த மண்தொட்டியில் நட்டு, காலையும் மாலையும் ஆழ்குழாய்த் தண்ணீர் விட்டேன். உரக்கடைக்குப் போய் மேலும் இரண்டு தினுசு உரம் வாங்கி வந்தேன். பின்தங்கிய பையனுக்கு வாத்தியார்கள் செய்வதெல்லாம் இதுதானே! பாடம் ஏறவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் பாடம்.

இருபதாம் நாள் என் மனைவி செடியைப் பிடுங்கிக் காட்டினாள். "என்னங்க, வேரெல்லாம் கூழாப் போச்சு, பாருங்க" என்றாள். மூன்று வேர்களே உயிரோடிருந்தன. அதைக் குப்பைமேட்டில் போட இருந்தவன் நான். "மூணு வேர் இருக்கிறதைத் தூக்கிப் போடுவாங்களா?" என்று தடுத்தவள் அவள்.

என் பிழை எது என்பதைப் புஸ்தகங்களைப் புரட்டிய பிறகு அறிந்தேன். வீட்டில் வளர்க்கும் ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை மண்ணில் முளைப்பவையல்ல. காட்டில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு, காற்றில் வேரைத் தொங்கவிட்டு வாழ்பவை. அந்த வேரைச் சுற்றி வெண்மையான பஞ்சுபோன்ற உறை ஒன்று உண்டு. மழைத்துளி பட்டதும் அது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. உலர்ந்திருக்கும்போது வேர் வெள்ளிபோலிருக்கும். நனைந்ததும் பச்சையாகத் தெரியும். நனைவதும் உலர்வதும் மாறி மாறி நடந்தால்தான் அதற்குச் சுவாசம். எங்கள் கரிசலோ, நனைந்தால் களி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிப்பு. அதில் காற்றுக்கு இடம் ஏது? மூச்சு முட்டித்தான் வேர் அழுகியது.

இதற்குப் பரிகாரம் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே கிடைத்ததுதான் வேடிக்கை. சீமைக் கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் தொழில் இந்தச் சீமையில் பிரசித்தம். அந்தக் கரியைப் பாக்களவு, நெல்லிக்காயளவு துண்டுகளாக உடைத்து, தூள் போகக் கழுவி, தேங்காய் மட்டைத் துண்டுகளோடு கலந்தால் ஆர்க்கிட்டுக்கு அதைவிட உகந்த படுக்கை வேண்டியதில்லை. தொட்டியின் பக்கங்களிலும் துவாரங்கள் இருக்க வேண்டும். மட்டை மக்கத் தொடங்கினாலும், கரியில் உப்புப் பூத்தாலும், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும்.

தண்ணீர் விஷயமும் முக்கியம். உப்பு நீர் இவற்றுக்கு ஆகவே ஆகாது. 2003-ம் வருஷம் தமிழ்நாட்டில் வீடுதோறும் மழைநீர் சேமிப்பைச் சர்க்கார் கட்டாயமாக்கியபோது மாடியிலிருந்து ஒரு குழாய் இறக்கினோம். அந்தத் தொட்டி நீர்தான் இப்போது செடிகளுக்கு. ஐப்பசி, கார்த்திகையில் பிடித்து மூடி வைத்த நீர் கோடைக்கும் வருகிறது. ஃபலனாப்சிஸுக்குக் கரி நன்றாக உலர்ந்த பின் காலையில் விட வேண்டும். இலைகள் கூடும் நடுக்குருத்தில் நீர் தங்கினால் குருத்து அழுகிவிடும். உரமோ, டப்பாவில் எழுதியிருக்கும் அளவில் கால் பங்கு, அதுவும் புதிய இலையோ வேரோ வரும் காலத்தில் மட்டும்.

இத்தனையும் செய்ததில் செடி பிழைத்தது. நான்கு புது இலைகள் விட்டது. ஆனால் பூ? ஒரு வருஷம் முழுதும் பூவின் சுவடே இல்லை.

இங்கேதான் மறுபடியும் பூக்கச் செய்வதன் ரகசியம் இருக்கிறது. ஃபலனாப்சிஸ் பூத்தண்டு விட வேண்டுமானால் சில வாரங்கள் தொடர்ந்து குளுமை வேண்டும். உஷ்ணம் 28 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலே நின்றால் அது இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். 25 டிகிரிக்குக் கீழே இறங்கி ஐந்தாறு வாரம் அப்படியே இருந்தால், 'பருவம் வந்துவிட்டது' என்று தண்டு விடும். இரவு மட்டும் குளிர்ந்தால் போதாது. பகலும் தணிந்திருக்க வேண்டும். மார்கழியிலும் பகலில் 29, 30 டிகிரி அடிக்கும் எங்கள் ஊரில் அது யாரைப் பார்த்துப் பூக்கும்? நான் கொட்டிய உரத்துக்கும் அதன் பிடிவாதத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது கேட்டது வேறு. நான் கொடுத்தது வேறு.

ஆகவே, சென்ற வருஷத்துக்கு முந்தின வருஷம் சரஸ்வதி பூஜைக்கு வந்த மகளிடம் செடியைக் கொடுத்தனுப்பினோம். பிரசவத்துக்குப் பெண்ணைப் பிறந்தகத்துக்கு அனுப்புவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூர்க் குளிரில், கிழக்குப் பார்த்த ஜன்னலோரத்தில் அது இருந்தது. கார்த்திகை முடிவதற்குள், "அப்பா, தண்டு விட்டிருக்கு!" என்று மகள் டெலிபோனில் கூவினாள். பொங்கலுக்கு ஏழு மொட்டுகளோடு ஊர் திரும்பிற்று. பஸ்ஸில் வந்த அலுப்பில் இரண்டு உதிர்ந்தன; ஐந்து மலர்ந்தன. மலைப் பிரதேசங்களிலும் மேட்டு நிலத்திலும் வசிக்கும் நேயர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. செழிப்பான செடியானால், பூத்து முடிந்த தண்டை அடியிலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது கணுவுக்கு மேலே நறுக்கினால் பக்கத்தில் கிளைத்துச் சில சமயம் மறுபடி பூக்கும். செடி நலிந்திருந்தால் தண்டை அடியோடு நீக்கிவிடுவதே நல்லது.

ஆனால் ஐந்து பூ மலர்ந்த அன்றும் அம்மா கேட்டது பழைய கேள்விதான்: "வாசம் வந்துட்டுதா?"

அந்தக் கேள்விக்கு விடை வேறோர் இடத்திலிருந்து வந்தது. ராஜபாளையத்துக்கு மேற்கே என் மைத்துனருக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. அதற்கு முந்தின ஆனி மாதம் சில கிழ மரங்களை வெட்டினார்கள். நான் போயிருந்த சமயம், விழுந்த கிளையில் ஒட்டியிருந்த ஒரு செடியை ஆள் அரிவாளால் சுரண்டிக்கொண்டிருந்தான். தடித்த வேர்கள், வார் வாராக நீண்ட இலைகள். "அது புல்லுருவி, அத்தான். மரத்தைக் குடிச்சிடும்" என்றார் மைத்துனர்.

மாமரத்துக்குப் புல்லுருவி சத்துரு என்பது மெய். அது மரத்தின் உள்ளே வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சுகிறது. ஆனால் அவர் காட்டிய செடி புல்லுருவியல்ல. அது வாண்டா டெஸ்ஸலேட்டா என்னும் ஆர்க்கிட். பட்டையின் மேலே உட்கார இடம் கேட்கிறதே ஒழிய, மரத்திடம் ஒரு சொட்டு நீரும் வாங்குவதில்லை. வடமொழியில் 'வந்தா' என்ற சொல் மரத்தின்மேல் வளரும் ஒட்டுச்செடிகளைக் குறிக்குமாம். பெயரிலேயே பழி ஏறிவிட்டது, பாவம்! ஆந்திர தேசத்துச் சாமல்கோட்டையில் தோட்டம் வைத்திருந்த ராக்ஸ்பரோ, சோழமண்டலக் கரைத் தாவரங்களைப்பற்றி வெளியிட்ட புஸ்தகத்தில் 1795-ம் வருஷமே இதைச் சித்திரத்தோடு வர்ணித்திருக்கிறார். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஏட்டில் கௌரவமாக வீற்றிருக்கும் செடி, தோப்பில் இன்னமும் அரிவாளுக்கு இரையாகிறது.

சிங்கப்பூரில் 1893-ம் வருஷம் ஆக்னஸ் ஜோகிம் என்ற பெண்மணியின் தோட்டத்திலிருந்து வந்த ஒரு கலப்பினச் செடி 'வாண்டா மிஸ் ஜோகிம்' என்று பெயர் பெற்றது. 1981-ல் அந்த நாடு அதைத் தன் தேசிய மலராக வரித்துக்கொண்டது. அங்கே மகுடம், இங்கே சுரண்டல்!

விழுந்த மரத்திலிருந்த இரண்டு செடிகளை வாங்கிக்கொண்டு ஊர் வந்தேன். நேயர்கள் இதைக் கண்டு காட்டுக்குப் போய்ச் செடி பறிக்கப் புறப்பட்டுவிடக் கூடாது. ஆர்க்கிட்டின் விதை தூசி போன்றது. அதனுள் முளைக்கு ஆகாரம் கிடையாது. காளான் இனத்து நுண்ணுயிர் ஒன்று வந்து ஊட்டினால்தான் முளைக்கும் என்று 1899-ல் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டறிந்தார். 1922-ல் அமெரிக்காவில் நட்ஸன் என்பவர், சர்க்கரை சேர்ந்த கூழில் காளான் உதவியின்றியே விதையை முளைக்க வைத்தார். அதன் பயனாகவே இன்று நாற்றங்கால்களில் இவை ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. காட்டில் அப்படியில்லை, ஒரு செடி பூக்கும் வயதுக்கு வரப் பல வருஷம் பிடிக்கும். ஆகையால் நாற்றங்காலில் வளர்த்ததையே வாங்க வேண்டும். மலை ஏற நேர்ந்தால் ஏற்காட்டில் இந்தியத் தாவர ஆய்வுத் துறையாரின் ஆர்க்கிட் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வருவது கண்ணுக்கும் அறிவுக்கும் விருந்து.

வாண்டாவுக்குத் தொட்டியும் வேண்டாம். பனைநார்க் கூடையில் நாலு கரித்துண்டு போட்டுச் செடியைக் கட்டி, கிழக்குத் தாழ்வாரத்தில் காலை வெயில் படும்படி தொங்கவிட்டோம். இலையின் நிறமே வெளிச்சத்துக்கு அளவுகோல். கரும்பச்சையானால் வெளிச்சம் போதாது, இளம்பச்சையானால் சரி, சிவந்து கருகினால் மிகை. வேர் வெள்ளியாகத் தெரிந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். கோடையில் தினம் இரு வேளை. ஆடிக் காற்றில் கீழே ஒரு தட்டில் செங்கல் துண்டுகளை நனைத்து வைப்பது உதவும். தை, மாசியில் மட்டும் வாரம் இரண்டு தரம் போதும். அந்தச் சிறு பட்டினிக்குப் பிறகு வெயில் ஏற ஏற அது பூக்க ஆயத்தமாகிறது. நம் ஊர்க் கள்ளியும் கற்றாழையும்போல இதுவும் இரவில்தான் இலைத்துளைகளைத் திறக்கிறது. ஆகவே பகல் வெப்பத்தில் நீரை இழப்பதில்லை. எங்கள் வெயில் இதற்குப் புதிதல்ல.

முதல் வருஷம் வேர் அறுபட்ட கோபத்தில் சும்மா இருந்தது. நானும் சும்மா இருந்தேன். வாத்தியாருக்கு அதுவே பெரிய தபசு.

சென்ற வைகாசியில், 38 டிகிரி வெயிலடித்த ஒரு நாள் காலை, இலையிடுக்கில் கிளம்பிய தண்டில் ஆறு பூக்கள் விரிந்தன. மஞ்சளும் பழுப்பும் கட்டம் கட்டமாக, நடுவில் நீலம் ஓடிய இதழோடு இருந்தன. வெள்ளை ஃபலனாப்சிஸுக்கு முன்னால் இவை ஆடம்பரமில்லாத பூக்கள்தான். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கி வந்த விடைத்தாள்களைத் திண்ணையில் வைத்துக்கொண்டு திருத்திக்கொண்டிருந்தேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள். யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. தலையை நிமிர்த்தி இரண்டு தரம் மூச்சை இழுத்தாள்.

"ஏய்யா, என்னமோ பூத்திருக்கே?" என்றாள்.

நாற்காலி கொண்டுவந்து கூடையின் கீழே போட்டேன். அந்த ஆறு பூக்கள் இருந்தவரைக்கும் அம்மாவுக்குக் காலைக் காப்பி அங்கேதான்.