கட்டணமும் ஆறுதலும்

பிள்ளையின் கலைப் பயிற்சிக்குப் பெற்றோர் தர வேண்டியது பணம் மட்டும்தானா?

லண்டன் ரிச்மண்ட் பூங்காவிலுள்ள ஒயிட் லாட்ஜ் மாளிகையில், 1926இல் தோன்றிய ராயல் பாலே பள்ளியின் கீழ்ப்பிரிவு இயங்குகிறது. 11 வயதிலேயே தேர்வாகும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் அங்கேயே தங்கிப் பயில்கின்றனர். பிரிட்டிஷ் அரசின் இசை, நடனத் திட்டம் பெற்றோரின் வருமானத்தைக் கணக்கிட்டுக் கட்டணத்தில் பங்கேற்கிறது. வருமானம் குறைந்தோருக்கு உதவி கூடுதல்.

ஆனால், தேர்வுக்கு வருவோருள் மிகச் சிலருக்கே இடமுண்டு. பாதத்தின் வளைவு, இடுப்பின் திருப்பம் ஆகியவையும் நோக்கப்படுகின்றன. இவை உழைப்பால் மட்டும் வருவன அல்ல. இதை அறியாத பிள்ளை, இடம் மறுக்கப்படும் நாளில் தன்னையே இழிவாக எண்ணிவிடக்கூடும். கட்டணத்துக்கு அரசு துணை நிற்கும். அந்நாளின் ஆறுதலுக்குப் பெற்றோரே துணை.

எனவே, இடம் கிடைக்காவிடினும் வீட்டில் தன் மதிப்பு குறையாது என்பதை, தேர்வுக்கு அழைத்துச் செல்லும் முன்பே பிள்ளைக்கு உணர்த்திவிடுங்கள்.